ஸ்பானருக்கும் பேர் கூப்பிட்டவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்று இருபதுக்கு என் காரின் கிளச் மிதி தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது. விரலை விட்டுத் தூக்கிவிட்டேன், வந்தது. மிதித்தேன், மறுபடியும் படுத்துக்கொண்டது. அன்றைய மீதிப் பொழுதை, பெரட்டு என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக்கோடு கழித்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பெரட்டைப் போல நிதானமான மனிதர் நீலகிரியில் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பிறகும் வரவில்லை. மலையாவது மழைக்குச் சரியும். அவர் அசைய மாட்டார்.

என் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சற்று முன்புதான் ஊட்டியில் பள்ளி விடுதியிலிருந்து வார்டன் அம்மாள் போன் செய்திருந்தார். என் பெண் வசந்திக்கு அம்மை போட்டிருக்கிறதாம். காய்ச்சல் கொதிக்கிறதாம். மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும், இருட்டுவதற்குள் வந்து அழைத்துப் போங்கள் என்றார். முந்தின நாள் மழையில் ரோட்டில் மண் சரிந்து பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். சின்ன வண்டிகளைத்தான் விட்டார்கள். என் சின்ன வண்டியோ குன்னூரில் வீட்டு வாசலில் ஒழுகிக்கொண்டு நின்றது.

மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியாக கிளச்சுக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அது கசிகிறது என்று ஒரு மாதமாகவே தெரியும். கோயமுத்தூரில் புதுக் குழாய்கூட வாங்கிவிட்டேன். வாங்கி, பத்திரமாக பீரோவில் வைத்திருந்தேன். குழாய் பீரோவில் இருந்தால் ஒழுகல் தானாக நிற்கும் என்று நம்பியிருக்கிறேன் போலிருக்கிறது.

ஒர்க்‌ஷாப்புகள் எல்லாம் சாத்தியிருந்தன. மிஞ்சியது பெரட்டு ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபேக்டரி மெஷினையும் துரையின் காரையும் பார்த்துக்கொண்டிருந்தவர். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்து, இங்கேயும் ஒரு டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து வண்டி பார்ப்பார். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதற்குப் பெரட்டு என்று பெயர். இவர் அந்தப் பெரட்டை ஸ்பானர்களுக்கு நடத்துவார்.

சாக்கை விரித்து அதன் மேல் பதினான்கு சாமான்களை வரிசையாக வைப்பார். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பெரியவன், சின்னவன், நொண்டி, வாயாடி என்று நிறுத்தி நிறுத்திக் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது போல ஒரு கணம் நிற்பார். ஒரு முறை ஒரு வக்கீல் பொறுக்கமாட்டாமல் நொண்டிக்குப் பதிலாகத் தாமே "இருக்கேனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டார். ஆள் மாறாட்டம் என்று பெரட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அன்றும் சாக்கு விரிந்தது. நான் வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அவரு இன்னும் பேரே கூப்பிட்டுட்டு இருக்காருங்க. புள்ள அங்க தனியாக் கெடக்குது" என்றாள். அதைப் பெரட்டுக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். அவர் ஒன்பதாவது ஸ்பானரில் இருந்தார். திரும்பவில்லை.

பெரட்டு முடிந்ததும் விசாரணை. வண்டியைக் கடைசியாக யார் ஓட்டினது, மிதி ஒரே நாளில் இறங்கினதா, கொஞ்சம் கொஞ்சமாகவா என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். பிறகு, "ஐயா மிதிக்கிறது செருப்போடயா, சப்பாத்தோடயா?" என்றார். அவர் ஊரில் ஷூவுக்குச் சப்பாத்து. எதைப் போட்டு மிதித்தால் என்ன என்றேன்.

"ஒண்ணுமில்லிங்க ஐயா. தெரிஞ்சிக்கிட்டா நல்லதுதானே."

பழைய குழாயைக் கழற்ற ஒரு மணி நேரம். கழற்றியதைப் புகைப்படம் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடித்த இடத்தை எனக்கும் காட்டினார். நான் பார்க்க மறுத்தேன். புதுக் குழாயை மாட்டினார். நான் பொறுமையிழந்து, அவர் நீட்டுவதற்கு முன்பே ஸ்பானரைப் பிடுங்குவதும், பானெட்டுக்குள் கிடைத்த இடத்தில் வைப்பதும், அடுத்ததைத் திணிப்பதுமாக உதவி செய்தேன்.

பிறகு குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மேலே மிதியை அழுத்த, இன்னொருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். எனக்குக் கால் மிதியிலும் மனம் ஊட்டியிலும் இருந்தன. மூன்று முறை முன்னதாகவே எடுத்துவிட்டேன். காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஐயாவுக்கு இன்னைக்கு அரைப் பேருதான்."

கொழுந்து குறைவாகப் பறித்தவளுக்கு அரை நாள் கூலிதான் என்று கங்காணி சொல்வது அது. தாலுகா ஆபீஸில் இருபது வருடம் வேலை பார்த்த எனக்கு அப்படி யாரும் குறிப்பு எழுதியதில்லை.

ஐந்தரைக்கு மிதி கல்லைப் போல நின்றது. நான் சாவியோடு உட்கார்ந்தேன். அவரோ சாக்கின் முன்னால் உட்கார்ந்தார். மாலைப் பெரட்டு. பதின்மூன்று பேர் இருந்தார்கள். வாயாடி வரவில்லை.

காருக்கு அடியில் தேடினார், புல்லில் தேடினார், என் சட்டைப் பையில்கூடத் தேடினார். நேரம் போய்க்கொண்டிருந்தது. மேலே ஊட்டிப் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன், வழியை விடுங்கள் என்று நான் கத்தினேன். அவர் நிதானமாக வந்து முன்சக்கரத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"தலைமன்னார்ல கப்பலேறையில பெட்டிய எண்ணாம ஏறிட்டன் ஐயா. எல்லாரும் சுறுக்கா சுறுக்கான்னு வெரட்டுனாங்க. இந்தப் பக்கம் வந்து பாத்தா ஒரு பெட்டி கொறையுது."

"அதில் என்ன இருந்தது?" என்று கேட்டுவிட்டேன். கோபத்தையும் மீறி எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அதத்தாங்க இன்னவரைக்கும் யோசிக்கிறன். சட்டி இருக்கு, பாய் இருக்கு, சாமி படம் இருக்கு. எது இல்லைன்னுதான் வெளங்க மாட்டேங்குது."

வேறு நாளாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் பத்து கேள்வி கேட்டிருப்பேன். அன்று என் பெண் காய்ச்சலில் கிடந்தாள். அவரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று இஞ்சினைக் கிளப்பி ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன்.

பாதி திரும்பியது. டக்கென்று நின்றுவிட்டது. வலது பக்கமும் வரவில்லை.

பெரட்டு எழுந்து பானெட்டைத் தூக்கினார். குனிந்தார். பிறகு கையை உள்ளே விட்டு, ஸ்டியரிங் தண்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இறுகியிருந்த வாயாடியை உருவி எடுத்தார். அங்கே அதை வைத்தது அவரில்லை. பிடுங்கிப் பிடுங்கி வைத்த கை என்னுடையது. வாசலில் இறுகிய ஸ்டியரிங் ஊட்டி ரோட்டில் அருவங்காடு தாண்டி ஒரு வளைவில் இறுகியிருந்தால்? பல வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

அவர் ஸ்பானரைத் துடைத்து வரிசையில் அதன் இடத்தில் வைத்தார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி ஓடி வந்து, பாதி புரிந்து பாதி புரியாமல் அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் ஒரு ஜீப் வந்து கேட்டருகே நின்றது. குந்தாவில் மின்சார வேலை பார்ப்பவர்களின் ஜீப். வார்டன் அம்மாள் எனக்காகக் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, ஊட்டியிலிருந்து குன்னூர்ப் பக்கம் கிளம்பிய அதை மறித்து ஏறி, பெண்ணைத் தாமே கூட்டி வந்திருந்தார். வசந்தி கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். முகமெல்லாம் கொப்புளம். அம்மாவின் அழுகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். பிறகு சாக்கின் முன்னால் குனிந்திருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீங்க பயந்தது போதுங்கப்பா. அவரு கையப் பாருங்க, உங்களுக்கு மேல நடுங்குது. மொதல்ல அவருக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க."