குரங்கணிக் காயின் கனம்

அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு இனி ஓர் ஆணிகூட வாங்கக் கூடாது என்று காளீஸ்வரி சொன்ன அன்றே, ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கியே தீருவது என்று அவள் புருஷன் விஜயபாண்டி சபதம் எடுத்தான். சத்தமில்லாமல்தான் எடுத்தான். போடியில் உரக்கடை வைத்திருக்கும் அவனுக்குக் கடையில் வாய் அதிகம். வீட்டில் வாயைத் திறந்தால் அது சோற்றுக்குத்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய பெட்டி அது. புதுக் கார்ப் பந்தய விளையாட்டைப் போட்டால், போடிமெட்டு ஏறுகிற லோடு ஜீப்பு மாதிரி நின்று நின்று நகரும். ஞாயிற்றுக்கிழமையில் அவனுக்கென்று இருந்த ஒரே சந்தோஷமும் அதுதான், பாவம்.

ரிப்பேர்க் கடை மொக்கையனோடு ஒரு மாதம் ஆலோசனை நடந்தது.

"பெரிய கார்டு வேணாம் மாப்ளே. உன் பெட்டி பவர் சப்ளை தாங்காது, புகைஞ்சிரும்."

"அப்ப?"

"தனியா கரண்டு வயரு கேக்காத சின்னக் கார்டு ஒண்ணு இருக்கு, செகண்ட் ஹேண்டு. உன் கிழட்டு பிராசஸருக்கு அதுவே சாஸ்தி."

"காளிக்குத் தெரியாம மாட்டணுமே?"

"ஞாயித்துக்கிழம தங்கச்சி கோயிலுக்குப் போகும்ல? அப்ப வர்றேன்."

காளீஸ்வரி ஏலக்காய் வாங்கி, வீட்டிலேயே தரம் பிரித்து விற்கிறவள். ஆகவே அந்த வீட்டுக்குள் கேள்வியில்லாமல் நுழையக்கூடிய ஒரே பொருள் ஏலக்காய். சனிக்கிழமை, கார்டை ஒரு ஏலக்காய்ப் பைக்குள் புதைத்துக் கொண்டுவந்தான் விஜயபாண்டி. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

சறுக்கியதும் அங்கேதான். ஒரு லிட்டர் காய் எவ்வளவு எடை நிற்கிறது என்று பார்த்துத்தான் ஏலக்காயின் தரத்தைச் சொல்வார்கள். காளீஸ்வரிக்கு அதற்குத் தராசு வேண்டாம், கை போதும்.

பையைத் தூக்கினாள். தூக்கியபடியே அவனைப் பார்த்தாள்.

"எந்த ஊருக் காயிங்க?"

"குரங்கணி."

"கனமா இருக்கே?"

"நல்லா வெளஞ்ச காயி, காளி."

"இருக்கும், இருக்கும்."

மறுநாள் அவள் கோயிலுக்குப் போகவில்லை. அவனைக் கறி வாங்க அனுப்பினாள். திரும்பி வந்தவன் பையைத் திறந்தான். முழங்கை வரை விட்டுத் துழாவினான். ஏலக்காயைத் தவிர ஒன்றுமில்லை.

"என்னத்தத் தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல, காய் பாக்குறேன்."

"சும்மா பாத்தா ஆச்சா? முறத்துல கொட்டி, வெடிச்ச காயப் பொறுக்குங்க. நீங்க கொண்டாந்ததுதான?"

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கார்டு எங்கே என்று கேட்டால் குட்டு உடையும். கேட்காவிட்டால் நெஞ்சு வெடிக்கும். விஜயபாண்டி பொறுக்கினான். மொக்கையனுக்குப் போன் போட்டான். மணி உள்ளறையில் அடித்தது.

கதவைத் தள்ளினான். கம்ப்யூட்டர் ஃபேன் காற்றில் கமகமவென்று ஏலக்காய் வாசனை. திரையில் கார் வழுக்கிக்கொண்டு பறந்தது. ஓட்டியது காளீஸ்வரி. பக்கத்தில் ஸ்குரூ டிரைவரும் கையுமாக மொக்கையன், காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"நீ இல்லாதப்ப வந்து மாட்டிக்கிட்டேன் மாப்ளே" என்றான் பரிதாபமாக.

காளீஸ்வரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குரங்கணிக் காயி நல்லாத்தான் இருக்குங்க. அடுத்த தடவ இன்னும் கொஞ்சம் பெரிய காயாப் பாத்துக் கொண்டாங்க."