குசினி யன்னலில் ஒரு பெரியப்பா

கையில் பேனாவை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவரை நம்பக்கூடாது என்பது நாங்கள் பிறந்த ஊரில் பாலோடு சேர்த்து ஊட்டப்பட்ட பாடம். பெயர் என்ன என்று யாராவது கேட்டால், "ஏன் கேக்கிறியள்?" என்று திருப்பிக் கேட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம். அப்படி வளர்ந்த ஒருத்தி லண்டனில் கவுன்சில் என்கிற நகரசபை மூலம் பிள்ளை தத்தெடுக்கப் புறப்பட்டால் என்ன நடக்கும்? என்னென்ன நடக்கக்கூடாதோ அவ்வளவும் நடக்கும்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வீடு வால்தம்ஸ்டோவில். எனக்கும் என் கணவர் தவத்துக்கும் கலியாணமாகிப் பன்னிரண்டு வருடமாகியும் பிள்ளை இல்லை. டாக்டர்மார் சொன்னதையும், கோயிலில் பிரசாதம் நீட்டியபடி பெண்கள் சொன்னதையும் கேட்டுக் காது புளித்த பிறகு, ஒரு நாள் தவம் தானாகவே கவுன்சிலுக்குப் போன் பண்ணிவிட்டார். "ஒரு பிள்ளைக்கு வீடு வேணும். எங்களுக்குப் பிள்ளை வேணும். இதிலை யோசிக்க என்ன கிடக்கு?" என்றார். தவம் அப்படித்தான். நேர்கோடு. பொய் சொன்னால் அவருடைய காது சிவந்துவிடும்.

யோசிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். (அதுதான் பிழை.)

முதலில் பெனிபிட் நாதனிடம் ஆலோசனை கேட்டேன். ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அரசாங்க உதவிப்பணம் எடுக்க எல்லோருக்கும் வழி சொல்லிக் கொடுத்தே அந்தப் பட்டப்பெயர் வந்தது. கவுன்சிலைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்குக் கவுன்சிலுக்கே தெரியாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அவர் கத்தரிக்காயை நிறுத்தபடியே தீர்ப்புச் சொன்னார்:

"பிள்ளைக்குத் தனி அறை கேப்பினம். வேற ஆம்பிளை ஆள் வீட்டிலை இருந்தால் சரிவராது. ஃபைலை அங்கையே மூடிப்போட்டுப் போயிடுவினம். வாற பொம்பிளை சிரிச்சுச் சிரிச்சுத்தான் கதைப்பா. நம்பிப்போடாதேங்கோ."

எங்கள் வீட்டில் வேறொரு ஆம்பிளை ஆள் இருந்தார். தவத்தின் பெரியம்மா மகன் குகன் அண்ணை. கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், அதற்கேற்ற வயிறு. இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை, பகலில் எங்கள் சின்ன அறையில் தூக்கம். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வராத மனிதர். அந்தச் சின்ன அறைதான் பிள்ளைக்கென்று நான் கவுன்சிலுக்குச் சொல்லிவைத்த அறை.

"உண்மையைச் சொல்லுவம்" என்றார் தவம்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றேன் நான்.

சோஷியல் வேர்க்கர் வரும் நாள்களில் குகன் அண்ணையை வெளியே அனுப்புவது என்று முடிவானது. பாவம், இரவெல்லாம் விழித்துவிட்டு வந்த மனிதர், கட்டிலைப் பார்த்தும் பாராமலும் கோட்டைப் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் புறப்படுவார். அவர் உடுக்கிற சாரத்தையும் சவரக் கத்தியையும் நான் மூட்டை கட்டி ஒளிப்பேன். சுவரில் முயல்குட்டிப் படம் ஒட்டுவேன். "ஆரும் பிடிச்சுக் கேட்டால் எங்களைத் தெரியாதெண்டு சொல்லுங்கோ" என்று அவருக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்திருந்தேன். "ஓம் தங்கச்சி, அப்பிடியே சொல்லுறன்" என்பார் அந்த அப்பாவி.

சோஷியல் வேர்க்கராக வந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த தலை, கம்பளிச் சட்டை. வாசலிலேயே, "என்னை ஜேனட் என்று கூப்பிடுங்கள்" என்றார். எனக்கு அங்கேயே சந்தேகம் தொடங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லும் அதிகாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் பொரித்து வைத்த மட்டன் ரோல்ஸ் நான்கையும் சாப்பிட்டார். அதுவும் சந்தேகம். (சாப்பிடாமல் விட்டிருந்தால் அதைவிடப் பெரிய சந்தேகம் வந்திருக்கும், அது வேறு கதை.)

"நீங்கள் இருவரும் எதற்காகச் சண்டை பிடிப்பீர்கள்?" என்று கேட்டார்.

"நாங்கள் சண்டையே பிடிப்பதில்லை."

"பன்னிரண்டு வருடத்தில் ஒரு முறைகூடவா?"

"ஒரு முறைகூட இல்லை."

தவத்தின் காது சிவந்தது. ஜேனட் குனிந்து எழுதத் தொடங்கினார், எழுதினார், எழுதிக்கொண்டேயிருந்தார். 'இல்லை' என்ற ஒரு சொல்லை எழுத இவ்வளவு நேரம் ஏன் என்று நான் அவருடைய பேனாவை எட்டிப் பார்த்தேன். போகும்போது வாசலில் நின்று கீழே பார்த்தார். குகன் அண்ணையின் வேலைச் சப்பாத்துகள், இரண்டு வள்ளங்கள் மாதிரி, அங்கே கிடந்தன. ஒளிக்க மறந்துவிட்டேன். "யாருடையது?" என்றார். "அவருடையது" என்றேன். ஜேனட் தவத்தின் பாதங்களைப் பார்த்தார். தவம் என்னைவிடச் சின்னக் கால்காரர்.

இரண்டாவது முறை வந்தபோது தவத்தைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டு, என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "உங்கள் வாழ்க்கையில் முக்கியமான வேறு யாராவது இருக்கிறார்களா? என்னிடம் தனியாகச் சொல்லலாம்."

பெனிபிட் நாதன் சொன்ன பொறி இதுதான் என்று நான் உஷாரானேன். "கடவுள்" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது முறைதான் விபரீதம். பெப்ரவரி மழை, விடாமல் ஊற்றியது. குகன் அண்ணை பூங்காவில் இருக்க முடியாமல் உடுப்புத் தோய்க்கிற கடைக்குள் ஒதுங்கியிருக்கிறார். அங்கே சூடான மெஷினில் சாய்ந்து குறட்டை விட, கடைக்காரி எழுப்பித் துரத்திவிட்டாள். எங்கள் முன்வாசலில் ஜேனட்டின் கார் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பின்வழியாக வந்திருக்கிறார்; பின்கதவு பூட்டிக் கிடந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, ரோல்ஸ் எடுக்கக் குசினிக்குள் போனபோது, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, யன்னல் வழியாக, குகன் அண்ணையின் பாதி உடம்பு தொங்கிக்கொண்டிருந்தது மட்டுந்தான். மற்றப் பாதி மழையில்.

"அண்ணை! என்ன செய்யிறியள்?"

"தங்கச்சி... பாத்ரூம்... அவசரம்."

"திரும்பிப் போங்கோ!"

"ஏலாது. வயிறு இறுகிப்போச்சு. முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது."

தலையைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன். தட்டு ஒன்று விழுந்து உடைந்ததுதான் மிச்சம். குசினிக் கதவைச் சாத்திவிட்டு, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன்.

"ஏதோ சத்தம் கேட்டதே?" என்றார் ஜேனட்.

"பூனை."

ஜேனட் ஃபைலைப் புரட்டினார். "வீட்டில் செல்லப்பிராணி எதுவும் இல்லை என்று சொன்னீர்கள்."

அதற்குள் அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு இளம் பொலிஸ்காரர். யாரோ உங்கள் வீட்டுக்குள் பின்பக்கமாக ஏறுவதைப் பக்கத்து வீட்டுக் கிழவர் பார்த்துவிட்டுப் போன் செய்தார் என்றார். என் பதிலுக்குக் காத்திராமல் குசினிக்குள் போனார். பின்னால் ஜேனட், அவர் பின்னால் தவம், கடைசியாக நான்.

"இந்த வீட்டுக்காரர்களை உனக்குத் தெரியுமா?" என்று பொலிஸ்காரர் யன்னலைப் பார்த்துக் கேட்டார்.

குகன் அண்ணை என்னைப் பார்த்தார். முகமெல்லாம் மழைத் தண்ணீர். சொன்ன வாக்குத் தவறாத மனிதர். "நோ சேர்" என்றார். "ஐ டோன்ட் நோ திஸ் பீப்பிள்."

"அப்படியென்றால் ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும்" என்று பொலிஸ்காரர் இடுப்பிலிருந்த வோக்கி டோக்கியை எடுத்தார்.

அந்தக் கணம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஒரு பக்கம் இன்னும் முகம் பார்க்காத பிள்ளை. மறுபக்கம் குகன் அண்ணை. வீடு உடைத்தவர் என்று ஒரு வழக்கு விழுந்தால் அவருடைய விண்ணப்பம் அதோடு முடிந்துவிடும்; யுத்தம் நடக்கிற ஊருக்குத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"விடுங்கள் அவரை! அவர் எங்கள் அண்ணன். இந்த வீட்டில்தான் இருக்கிறார். அந்த முயல்குட்டி அறை அவருடையது!"

பன்னிரண்டு வருடமாக வெளியாருக்கு முன்னால் சத்தம் போட்டுப் பேசியறியாத தவம் வெடித்தார்.

"நான் முதல்நாளே சொன்னனானெல்லே, உண்மையைச் சொல்லுவமெண்டு! உமக்குக் கத்தரிக்காய் விக்கிறவன்ரை கதைதான் வேதம்!"

"நீங்கள் மட்டும் என்ன செய்தனீங்கள்? காதைச் சிவக்க வைச்சுக்கொண்டு கதிரையிலை இருந்ததுதானே!"

"என்னை வாய் திறக்க விட்டனீரே? காதாவது உண்மை சொல்லட்டுமெண்டுதான்!"

"சண்டை பிடிக்காமல் என்னை ஆராவது இழுங்கோ" என்று யன்னல் கெஞ்சியது.

பாத்திரம் கழுவும் திரவத்தை வயிற்றைச் சுற்றி ஊற்றினோம். ஒரு கையைத் தவமும் மறு கையைப் பொலிஸ்காரரும் பிடித்து இழுக்க, ஜேனட் பின்வளவுக்குப் போய்க் கால்களைப் பிடித்துத் தள்ளினார். குகன் அண்ணை சவர்க்கார நுரையோடு தொட்டிக்குள் வந்து விழுந்து, எழுந்து, யாருக்கும் நன்றி சொல்லாமல் நேரே பாத்ரூமுக்கு ஓடினார். பொலிஸ்காரர் ஒரு ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் கதிரையில் இருந்து அழுதேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஜேனட் நனைந்த கம்பளிச் சட்டையோடு எதிரே அமர்ந்தார்.

"இன்னொருவர் இருக்கிறார் என்று முதல் நாளே தெரியும்" என்றார். "சப்பாத்தைப் பார்த்தேன். ஆனால் அவர்..." என்று தயங்கினார். "அவர் உங்கள் காதலர் என்று நினைத்துவிட்டேன்."

அழுகை நின்றுவிட்டது. தவம் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. பன்னிரண்டு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்ததும் இல்லை.

"இன்றைக்குத்தான் நீங்கள் சொன்னதை முதல் முறையாக நம்புகிறேன்" என்று ஜேனட் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினார். "இனி முதலிலிருந்து தொடங்குவோம். சண்டை எதற்காக வரும்?"

அன்று தவம் சொன்ன பதிலில் பேனா மை தீர்ந்திருக்கும்.

குகன் அண்ணையையும் விசாரித்தார்கள். எல்லாம் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. அதற்குள் அவருக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதியும் கிடைத்து, அடுத்த தெருவில் ஒரு அறைக்கு மாறினார். ஒருவழியாக எங்களுக்குச் சரி என்றார்கள். பிள்ளையின் பெயர் மாயா. நான்கு வயது. பெற்ற தாய் மொரீஷியஸ்காரி. அந்த வயதுக்குள் மூன்று வீடு மாறிய பிள்ளை.

முதல் முறை எங்கள் வீட்டைப் பார்க்க ஜேனட்டோடு வந்தாள். என்னையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற சந்தேகக்காரி. கோட்டைக் கழற்ற மறுத்தாள். கதவுகளைத் திறந்து பார்த்தாள், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அலுமாரியைத் திறந்து என் சேலைகளை விலக்கிப் பார்த்தாள். பிறகு ஜேனட்டிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "யன்னலால் வருகிற ஆள் எங்கே?"

ஜேனட் கதையைச் சொல்லிவைத்திருக்கிறார்.

புதுச் சட்டையோடு மூலையில் பயந்து நின்ற குகன் அண்ணை பின்வளவுக்குப் போனார். யன்னலைத் திறந்து பாதி உடம்பை உள்ளே விட்டார். மாயா சிரிக்கவில்லை. கிட்டப் போய் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே போய், மற்றப் பாதியும் அவருடையதுதானா என்று கால்களைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"வலிக்கிறதா?"

"கொஞ்சம்" என்றார் குகன் அண்ணை.

அவள் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

சில வருடங்களுக்குப் பிறகு வீட்டுக்கு இரட்டைக் கண்ணாடி யன்னல் போட ஒரு வெள்ளைக்காரர் அளவெடுக்க வந்தார். குசினிக்கு, மேலே மட்டும் சிறிதாகத் திறக்கிற யன்னல் போதும் என்றார். மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"போதாது. என்னுடைய பெரியப்பா உள்ளே வர வேண்டும்."

"அவரிடம் முன்கதவுச் சாவி இல்லையா?"

"இருக்கிறதே!"

அந்த மனிதர் அளவு நாடாவை மெல்லச் சுருட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த, ஜேனட்டின் பழைய பார்வை. குகன் அண்ணையைக் கூப்பிட்டு, வயிற்றைச் சுற்றி அளவெடுத்து, எங்கள் தெருவிலேயே பெரிய குசினி யன்னலாகப் போட்டோம். அதற்குப் பிறகும் பெரியப்பா பருத்துவிட்டார் என்பதுதான் மகளின் இப்போதைய முறைப்பாடு.