ஒன்பது மணி முதல் நான்கு மணி வரை

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருக்கிறேன். வீட்டில் போட்டவற்றை யாரும் மதிப்பதில்லை என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சொல்வது பதுளையில் ஒரு கூட்டத்தில், கழுத்தில் டை கட்டிக்கொண்டு போட்ட சட்டத்தை. அதை எல்லோரும் மதித்தார்கள். வினையே அதுதான்.

பதுளை நகரில் எனக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. கடைக்கு மேல்மாடியில் ஒரு சமூகக் கல்லூரி. அங்கே தையல், கணினி என்பவற்றோடு சமூக சேவைப் பயிற்சி என்று ஒரு வருடப் பாடநெறியும் நடந்தது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வந்து படிப்பார்கள். பிறகு தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போய், நடக்க முடியாதவர்களுக்கும் கவனிக்க ஆளில்லாதவர்களுக்கும் கிடைக்க வேண்டிய உதவிகளை எடுத்துக் கொடுத்துப் பழகுவார்கள். அது களப்பயிற்சி. ஆட்களைச் சந்தித்து இத்தனை மணித்தியாலம் வேலை செய்தேன் என்று பதிவுப் புத்தகத்தில் காட்டினால்தான் சான்றிதழ். இதையெல்லாம் மேற்பார்வை செய்ய ஓர் ஆலோசனைக் குழு இருந்தது.

ஒரு நாள் பாடநெறி இணைப்பாளர் மாலதி மிஸ் படியிறங்கிக் கடைக்கு வந்தார்.

"சேர், நீங்களும் குழுவுல இருக்கணும். தோட்டத்துல பொறந்து வளந்த ஒருத்தர் கட்டாயம் வேணும்."

அதுவரை என்னை சேர் என்று கூப்பிட்டவர்கள், கொப்பி அவசரமாக வேண்டும் என்று கெஞ்ச வந்தவர்கள் மட்டுமே. அன்று பின்னேரமே போய் ஒரு கோட் தைக்கக் கொடுத்தேன். (மனைவி கேட்டாள்: "ஆலோசனை சொல்றதுக்குக் கோட் எதுக்கு? வாய் போதாதா?" வாய் மட்டும் போயிருந்தாலே போதுமான நாசம் நடந்திருக்கும் என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.)

முதல் கூட்டம். தலைவர் ஓய்வுபெற்ற ஓர் அதிபர். பக்கத்து நாற்காலியில் ஹாட்வெயார் கடை ஹாஜியார். நடுவில் ஒரு தட்டு ரோல்ஸ். நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். ஒன்றும் சொல்லாமல் ரோல்ஸ் தின்றுவிட்டுப் போனால் கோட்டுக்கு அவமானம்.

மாணவர்களின் பதிவுப் புத்தகங்கள் மேசையில் இருந்தன. ஒன்றைப் புரட்டினேன். 'மாலை 5.30 முதல் 7.00 வரை' என்று இருந்தது. அடுத்த பக்கத்திலும் அதே. அதற்கடுத்த பக்கத்திலும் அதே. எனக்குள் ஒரு துப்பறிவாளன் எழுந்து உட்கார்ந்தான்.

"தலைவர் அவர்களே, அந்தி ஏழு மணிக்கு யாராவது வேலை செய்வாங்களா? இது வீட்டுல இருந்து எழுதினது. வெளியில இருந்து பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க? களப்பயிற்சி நேரம் காலை ஒன்பதுல இருந்து நாலு வரைக்கும்தான்னு வைக்கணும். மத்த நேரம் கணக்குல வரக்கூடாது."

மாலதி மிஸ் மெதுவாகக் கை தூக்கினார். "சேர், பகல்ல தோட்டத்துல..."

நான் அவரை முடிக்க விடவில்லை. நெஞ்சில் கை வைத்து, இன்றைக்கும் குளிக்கும்போது ஞாபகம் வந்தால் சத்தமாக இருமி மறைக்கிற அந்த வசனத்தைச் சொன்னேன்.

"மிஸ், நான் தோட்டத்துப் பிள்ளை. எனக்குத் தெரியாதா?"

அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? தலைவர் மேசையைத் தட்டினார். ஹாஜியார் ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினார். முன்மொழிந்தவர் என்று கூட்டக்குறிப்பில் என் பெயர் ஏறியது. புதிய படிவத்தை என் கடையிலேயே, தடித்த எழுத்தில் நானே அடித்தேன். அழகாக வந்திருந்தது.

மூன்று மாதம் கழித்துக் குழு மேற்பார்வைக்குப் புறப்பட்டது. நான் பிறந்த மடுல்சீமைக்கு வேனில் போனோம். அந்தப் பாதை இன்னும் பாதையாகவில்லை. மூன்றாவது வளைவில் என் டை என் வாய்க்குள் இருந்தது. வழியில் மாலதி மிஸ், நாங்கள் பார்க்கப்போகும் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். பெயர் செல்வராணி. அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறிக்கிறார். அவர்களுடைய தோட்டத்துக்கே ஒரு சமூக உத்தியோகத்தர் வேலை வந்திருக்கிறது, அடுத்த மாதம் நேர்முகம், சான்றிதழ் கையில் இருந்தால் வேலை அவளுக்குத்தான்.

"இவ மாதிரி ஒரு பிள்ளைய நான் பார்த்ததே இல்ல சேர்" என்றார்.

நான் என் சொந்தப் பிள்ளையைப் புகழ்ந்ததுபோல் தலையாட்டினேன்.

பதினொரு மணிக்கு லயத்தில் இறங்கினோம். பன்னிரண்டு கதவுகள். பன்னிரண்டிலும் பூட்டு. வாசலில் ஒரு நாய், எழும்பவும் இல்லை. ஒரு படிக்கட்டில் வெள்ளைச் சேலை கட்டிய பெண் மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழும்பினாள். செல்வராணி.

தலைவர் புத்தகத்தை வாங்கினார். நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. 'முதலாம் இலக்க வீடு. பூட்டு. ஆள் மலையில். இரண்டாம் இலக்க வீடு. பூட்டு. ஆள் மலையில்.' அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், மூன்று மாதமும் அப்படியே. என் கண்ணில் பட்ட ஒரே மாறுதல்: 'ஐந்தாம் இலக்க வீடு. பூட்டு. நாய் குட்டி போட்டிருக்கிறது.'

"என்னம்மா இது?" என்றார் தலைவர்.

"ஆள் இல்லீங்க சேர். காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனா எல்லாரும் மலையில கொழுந்து எடுப்பாங்க. சின்னப் புள்ளைங்க ஆயாம்மாகிட்ட புள்ளக்காம்பராவுல இருக்கும். கொழுந்தத் தராசுல நிறுத்துட்டு வர அஞ்சு மணியாகிரும்."

"அப்ப நீ எப்ப ஆக்களைப் பாக்கிற?"

"அந்திக்குங்க. அது வேற கொப்பியில எழுதியிருக்கேன்."

பையிலிருந்து இரண்டாவது கொப்பியை எடுத்தாள். அட்டை கிழிந்து, உள்ளே நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. யாருக்கு அடையாள அட்டை எடுத்தாள், யாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், எந்த வீட்டில் குடித்துவிட்டு அடிக்கிறவனிடம் பேசினாள், எல்லாம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கைநாட்டோ கையெழுத்தோ. ஒவ்வொன்றுக்கும் நேரம் மாலை ஐந்தரைக்கு மேல்.

"இதை ஏன் புத்தகத்துல எழுதல?"

"அந்த நேரம் கணக்குல வராதுன்னு ஃபார்ம்ல பெருசா அடிச்சிருக்குங்களே சேர்."

ஆம். பெரிதாகத்தான் அடித்திருந்தேன்.

அப்போது கடைசி வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் கதவில் மட்டும் பூட்டு இல்லை என்பதை அதுவரை நான் கவனிக்கவில்லை. (துப்பறிவாளன்!)

"யாரு அது? பகல்ல சத்தம் போடுறது?"

உள்ளே சக்கர நாற்காலியில் ராமையா அண்ணன். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அந்த நாற்காலியும் செல்வராணி எடுத்துக் கொடுத்தது என்று இரண்டாவது கொப்பியில் இருந்தது.

"மேற்பார்வைக் குழு வந்திருக்கோம் ஐயா" என்றார் தலைவர்.

"எந்தக் குழுவா இருந்தாலும் அந்திக்கு வாங்க. இப்ப நானும் நாயும்தான் இருக்கோம். எனக்குக் கை வராது. நாய் கையெழுத்துப் போடாது." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "அடேய், நீ தங்கம்மா மவன்தானே? கீழ் லயத்துல இருந்தீங்களே? கோட்டெல்லாம் போட்டு டாக்டர் மாதிரி இருக்க!"

சிரித்தேன். அந்த நாற்காலிக்கு அடியில் இடமிருந்தால் புகுந்திருப்பேன்.

"பகல்ல வந்து கதவத் தட்டச் சொன்னது எந்தப் புத்திசாலிடா? நீயாவது சொல்லக்கூடாதா? ஒங்கம்மாவப் பகல்ல ஒரு நாளாவது வீட்டுல பாத்திருக்கியா நீ?"

பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டிய கதவின் முன்னால் பசியோடு உட்கார்ந்திருந்ததுதான் என் பிள்ளைப் பருவம். சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கும், சோறு சட்டியில் இருக்கும், அம்மா மலையில் இருப்பார். அந்தக் கதவைப் பார்த்து வளர்ந்தவன்தான் நெஞ்சில் கை வைத்து 'எனக்குத் தெரியாதா' என்று கேட்டவன்.

தலைவருக்குக் கூட்டத்தில் தான் மேசை தட்டியதே மறந்துவிட்டது; வெளியே வந்து கேட்டார். "இந்த நேர விதியை யார் கொண்டு வந்தது?"

மாலதி மிஸ் தேயிலைச் செடிகளைப் பார்த்தார். ஹாஜியார் என்னைப் பார்த்தார். செல்வராணி மூவரையும் பார்த்தாள். 'நான்தான், பிழை என்னுடையது, இந்தப் பிள்ளையின் இரண்டாவது கொப்பியை ஏற்றுக்கொள்ளுங்கள்.' மூச்சு வாங்காமல் சொல்லக்கூடிய விஷயம். நான் தொண்டையைக் கனைத்தேன்.

"இது சம்பந்தமா ஒரு உபகுழு அமைச்சுப் பாக்கலாம் சேர்."

ஹாஜியார் வேனில் ஏறும்போது என் காதருகே சொன்னார்: "தம்பி, கோட் நல்லாத்தான் தச்சிருக்கான். உள்ளதான் ஆளக் காணோம்."

இரண்டு நாள் கழித்து செல்வராணி கடைக்கு வந்தாள். குழுவுக்கு மேன்முறையீடு செய்ய அந்த இரண்டாவது கொப்பி முழுவதையும் போட்டோகொப்பி எடுக்க வேண்டுமாம். அந்த விதி யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு பக்கமாக நானே வைத்து எடுத்தேன். மெஷின் வெளிச்சம் அந்தக் கைநாட்டுகளின் மேல் ஊர்ந்து ஊர்ந்து போனது.

"சேர், நீங்களும் குழுவுல இருக்கீங்கதானே. ஒரு வார்த்தை சொல்லுவீங்களா? நீங்க எங்க ஊரு ஆளுன்னு ராமையா மாமா சொன்னாரு."

"பாப்போம் தங்கச்சி" என்றேன்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் கேட்டார், இந்த ஒரு பிள்ளைக்கு விலக்குக் கொடுக்கலாமா என்று. கொடுத்தால் விதி முட்டாள்தனமானது என்று எழுத வேண்டும். எழுதினால் முன்மொழிந்தவர் பெயரும் பக்கத்திலேயே இருக்கும். நான் ரோல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தோட்டத்து விஷயம், அவரே சொல்லட்டும்" என்று மாலதி மிஸ் என் பக்கம் திரும்பினார். நான் இன்னும் ரோல்ஸைத்தான் பார்த்தேன். விதி அடுத்த மாணவர் அணியிலிருந்து மாறும், இந்த அணி மணித்தியாலங்களை மறுபடி முடிக்க வேண்டும் என்று முடிவானது. 'ஏகமனதாக' என்று குறிப்பில் எழுதினார்கள். அதையும் நான்தான் கொப்பி எடுத்தேன், ஆளுக்கு ஒன்று வீதம்.

நேர்முகத்துக்கு அவளிடம் சான்றிதழ் இல்லை. வேலை வேறு ஊர்ப் பிள்ளை ஒன்றுக்குப் போனது. அந்தப் பிள்ளையின் பதிவுப் புத்தகம் ஒன்பது முதல் நான்கு வரை அழகாக நிரம்பியிருந்ததாம். பூட்டிய கதவுகளுக்குள் யாரிடம் பேசி நிரப்பியது என்று யாரும் கேட்கவில்லை. செல்வராணி கொழும்புப் பக்கம் கார்மென்ட் ஆலை வேலைக்குப் போனாள். நான் குழுவிலிருந்து விலகினேன், 'சொந்த வேலைப்பளு காரணமாக'. கோட் அலுமாரியில் தொங்குகிறது.

மாலதி மிஸ் இந்தக் கதையை என் மனைவியிடம் வரி தவறாமல் ஒப்பித்துவிட்டார். அன்றிலிருந்து, நான் கூப்பிட்டது கேளாததுபோல் பத்திரிகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டால், "பூட்டு. ஆள் மலையில்" என்பாள் மனைவி. மகளும் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கு முழுக் கதையும் சொல்லிச் சிரிக்க வைப்பது நான்தான். நாய் குட்டி போட்ட இடத்தில் எல்லோரும் விழுந்து சிரிப்பார்கள். கார்மென்ட் பகுதியை நான் சொல்வதில்லை.

போன தீபாவளிக்கு பதுளை பஸ் நிலையத்தில் செல்வராணியைக் கண்டேன். தோளில் பெரிய பை, மெலிந்திருந்தாள். அவளே சிரித்தாள். "நல்லா இருக்கீங்களா சேர்?"

அவளுக்குத் தெரிந்திருக்குமா, தெரிந்திருக்காதா? அந்தச் சிரிப்பிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. "ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாறேன் தங்கச்சி, கொஞ்சம் பேசணும்" என்றேன்.

மடுல்சீமை பஸ் புறப்படப் பார்த்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி, படியில் நின்று திரும்பினாள்.

"வாங்க சேர். அந்திக்கு வாங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. அடுத்த வாரம் கேட்டாள், அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேனா என்று. அடுத்த மாதமும் கேட்டாள். நான் பத்திரிகையைப் பிரித்தேன்.

பதில் சொன்னது மகள்.

"ஆள் மலையிலம்மா."