அறுபதாயிரம் மைல்

"இந்த மூண்டில எத எடுத்தா கெதியா ஜித்தாவுக்குப் போகலாம்? அத மட்டும் சொல்லுங்க" என்று நாலாவது தடவையாகக் கேட்டார் றவூப் முதலாளி.

அவருடைய காசு மேசையில் மூன்று கடனட்டைகளின் விளம்பரத் தாள்கள் விரிந்து கிடந்தன. ஒன்று நீலம், ஒன்று பொன்னிறம், ஒன்று கறுப்பு. மதுரங்குளிச் சந்தியால் கொழும்பு பஸ் போகும்போதெல்லாம் மூன்றும் எழும்பிப் பறந்தன. முதலாளி பாய்ந்து பிடித்து, ஆணிப் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார். பிறகு வாசிப்பதற்காகப் பெட்டியை எடுத்தார். அடுத்த பஸ் வந்தது.

வங்கியிலிருந்து வந்திருந்த அஸாம் பொறுமைசாலி. அண்ணனை அழைப்பதுபோல் முதலாளியை 'நானா' என்பான். கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான்.

"நீலத்துக்கு வருசக் கட்டணம் இல்ல நானா. ஆனா இருநூறு ரூவா செலவழிச்சாத்தான் பிளேன் டிக்கெட்டுக்கு ஒரு மைல் சேரும். பொன்னிறத்துக்குக் கட்டணம் இரிக்கு. ஆனா நூறு ரூவாக்கே ஒரு மைல். கறுப்பு பெரிய ஆக்களுக்கு."

"அப்ப நான் சின்ன ஆளா?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லல்ல நானா."

"சரி, ரெண்டு பேர் மக்காவுக்கு உம்ரா போய் வர எத்தின மைல் வேணும்?"

"அறுபதாயிரம்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். மக்காவின் நினைப்பு வந்ததால் அல்ல, மனக்கணக்குப் போட்டதால்.

றவூப் முதலாளி இல்லாதவர் அல்ல. இரும்புச் சாமான் கடை இரண்டு மாடி. தென்னந்தோட்டம் எட்டு ஏக்கர். ஆனால் எச்சில் கையால் காகம் விரட்டாதவர் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அவர் பாடுபட்டுத்தான் சம்பாதித்திருந்தார். அவர் மனைவி அஸீஸா இருபத்தாறு வருடங்களில் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. "முழங்கால் மடங்காமப் போறதுக்குள்ள ஒருக்கா உம்ராவுக்குக் கூட்டிக்கொண்டு போங்க." ஒவ்வொரு வருடமும் முதலாளி, "அடுத்த வருசம், இன்ஷா அல்லாஹ்" என்பார். முழங்கால் மட்டும் அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கவில்லை. இப்போதெல்லாம் அஸீஸா கதிரையில் இருந்துதான் தொழுகிறாள்.

போன மாதம் கற்பிட்டியில் ஒரு கல்யாண வீடு. மச்சினி றஹ்மா ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்து, ஊர் கேட்க, "மச்சான், எங்கட ராத்தாவ எப்பதான் கூட்டிக்கொண்டு போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். வாய் நிறையப் புரியாணியோடு இருந்த முதலாளி, "வாற நோன்புக்கு முந்தி!" என்று சொல்லிவிட்டார். வார்த்தை வெளியே போன பிறகுதான் சோறு உள்ளே போனது. அவர் விழித்த விழியைப் பார்த்து, அதே சகன் தட்டில் எதிரே இருந்து சாப்பிட்ட ஒருவர் இரங்கிச் சொன்னார்: "காட் எடுங்க முதலாளி. செலவழிக்கச் செலவழிக்க பிளேன் டிக்கெட் சும்மா குடுக்கிறானுகள்."

சும்மா என்ற சொல் முதலாளியின் காதில் தேனாகப் பாய்ந்தது.

"வட்டி?" என்று இப்போது அஸாமிடம் கேட்டார். "வட்டி ஒரு சதம் வந்தாலும் ஹறாம். அந்தக் காசில மக்காவுக்குப் போகேலாது."

"தவணத் திகதிக்கு முந்தி முழுசாக் கட்டினா வட்டியே இல்ல நானா."

"அந்தத் திகதிய என்ட நெத்தியில எழுதிட்டுப் போங்க" என்று சொல்லி, பொன்னிறத்தில் கையெழுத்து வைத்தார். வருடக் கட்டணம் எழுதியிருந்த வரியை மற்றக் கையால் மறைத்துக்கொண்டார்.

அட்டை வந்த பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. மைல் சேர வேண்டுமென்றால் செலவழிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து செய்யாத காரியம்.

வீட்டுச் செலவில் மைல் சேர்த்தால் கபுறுக் குழிக்குத்தான் போகலாம், ஜித்தாவுக்கு அல்ல. ஆகவே கடைக்கு வாங்கும் சிமெந்து, கம்பி, தகரம் எல்லாவற்றையும் அட்டையில் வாங்கத் தொடங்கினார். சிமெந்து ஏஜண்ட், "காட் எண்டா நூத்துக்கு மூண்டு கூட" என்றான். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். அதுவும் போதாதென்று, ஊரார் செலவையும் தன் அட்டையில் போட இறங்கினார்.

முதலில் அகப்பட்டவன் பஸ்தியான். தலவிலக் கரையில் படகு வைத்திருப்பவன், கடைக்கு நெடுநாள் வாடிக்கை. புது எஞ்சின் வாங்கப் புத்தளம் போக நின்றவனை முதலாளி மறித்தார்.

"காச என்ட கையில தா. நான் காட்டப் போட்டு எடுத்துத் தாறன்."

"காசு என்ட கையிலயே இரிக்கே முதலாளி?"

"காசு எல்லார்ட்டயும் இரிக்கு. மைல் இரிக்கா?"

பஸ்தியானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பெரிய மனிதர் கேட்கிறாரே என்று ஒத்துக்கொண்டான். பாதிக் காசை உடனே கொடுத்தான். மீதிக்கு, காற்று மாறியதும் தருகிறேன் என்று சொல்லி, அதுவரைக்கும் கோபிக்காமல் இருக்க இரண்டு சாக்குக் கருவாடு அனுப்பினான்.

அதன் பிறகு யார் எதை வாங்கப் போனாலும், கடை வாசலில் அவர்களுக்கு முன்னால் முதலாளியின் மோட்டார் சைக்கிள் நின்றது. கல்யாண வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி, எலுவன்குளத்து விவசாயி ஒருவருடைய தண்ணீர்ப் பம்பி, முன்பின் தெரியாத ஒருவருடைய இருமல் மருந்து எல்லாம் அவர் அட்டையில் ஏறின. காசு மட்டும் ஆமை நடையாக வந்தது. தவணைத் திகதி நெருங்கினால் முதலாளிக்கு இருப்புக்கொள்ளாது. வட்டிக்குப் பயந்து கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வங்கிக்கு ஓடுவார். தொழுது சலாம் கொடுத்ததும் கை தஸ்பீஹ் மணியைத் தேடாமல் தொலைபேசியைத் தேடியது.

அவருக்கு மைல் கணக்கைத் திறந்து பார்க்கத் தெரியாது. புத்தளத்தில் உம்ராப் பயண ஏஜென்சியில் வேலை செய்யும் மபாஸாவிடம் இரகசிய இலக்கத்தையே ஒப்படைத்திருந்தார். நாளுக்கு இரண்டு தடவை அவளைக் கூப்பிட்டு, "டிக்கெட்டுக்கு மைல் காணுமா மகள்?" என்பார். "இன்னும் இல்ல நானா" என்பாள் அவள்.

பத்தாவது மாதம் அவளே கூப்பிட்டாள்.

"நானா, மைல் காணும். ரெண்டு பேருட பாஸ்போட்டையும் கொண்டு வாங்க. வாற மாசம் பயணம்."

முதலாளி கடைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினார். ஆணி வாங்க வந்தவர்களுக்குத் தன் காசில் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார் என்றால் அவருடைய சந்தோசத்தை நீங்களே அளந்துகொள்ளலாம். வீட்டுக்கு ஓடிப்போய் அஸீஸாவிடம் சொன்னார்.

அவள் பதறவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "அப்ப மாப்புக் கேக்கத் தொடங்குங்க."

மக்காவுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது ஊர் வழக்கம். 'தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மாப்புத் தாங்க' என்று இவர் சொல்வார். 'மாப்பு, மாப்பு, எங்களுக்கும் துஆ கேளுங்க' என்று அவர்கள் சொல்வார்கள். இரண்டு மிடறு தேத்தண்ணீரோடு விசயம் முடியும். முதலாளி அன்று அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையில் பதினொரு வீடு முடித்துவிட்டு வந்தார்.

"என்னண்டு கேட்டீங்க?" என்றாள் அஸீஸா.

"மொத்தமாத்தான் கேட்டன்."

"மொத்தமாச் செஞ்சீங்களா? சில்லறையாத்தானே செஞ்சீங்க. மனுசருக்குச் செஞ்சத அந்த மனுசர்தான் மன்னிக்கணும். இன்னதச் செஞ்சன் எண்டு சொல்லிக் கேளுங்க. இல்லாட்டி அவ்வளவு தூரம் போய் என்ன பிரயோசனம்?"

முதலாளி செய்ததை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், விரல் போதவில்லை. ஆனாலும் ஓசிப் பயணம் வீணாகப் போகக் கூடாதே. தூரத்து ஆள், வேறு சமயத்து ஆள், கதை ஊருக்குள் வராது என்று கணக்குப் போட்டு முதலில் பஸ்தியானிடம் போனார். ஆழம் தெரியாமல் காலை விட்டது அங்கேதான்.

"பஸ்தியான், கடையில உனக்குக் கயிறு அளக்கிற கம்பு... ரெண்டு விரக்கட கொறவு. மாப்புத் தா."

பஸ்தியானின் கண் கலங்கியது. "நாங்க பாவசங்கீர்த்தனம் எண்டு சாமியார்ட காதுக்குள்ளதான் சொல்லுவம். நீங்க நேர முகத்துக்குச் சொல்லுறீங்களே! என்ன மனம் முதலாளி உங்களுக்கு! மாப்பு, மாப்பு."

அந்த மனத்தின் பெருமையை அவன் அன்றைக்கே கரை முழுவதும் சொல்லிப் புகழ்ந்தான். மறுநாள் காலை கடை திறக்க முன்னரே ஆறு படகுக்காரர்கள் ஆளுக்கொரு அளவு நாடாவோடு வாசலில் நின்றார்கள்.

"எங்கட்டயும் மாப்புக் கேக்க வருவீங்க எண்டு பாத்தம். உங்களுக்கேன் அலைச்சல் எண்டு நாங்களே வந்திட்டம்."

முதலாளி அவசரமாகப் பழைய கம்பை முறித்து அடுப்பில் வைத்துவிட்டு, புதுக் கம்பு வாங்கி எல்லோரும் பார்க்கத் தொங்கவிட்டார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. கம்பு மாறியிருப்பதைக் கண்டதும் சங்கிலி வாங்கியவன், வயர் வாங்கியவன், குழாய் வாங்கியவன் எல்லாம் வீட்டுக்கு ஓடிப்போய் அளந்து பார்த்தார்கள்.

அடுத்தது பக்கத்து வளவுக் கைம்பெண் சித்தி மரியம். பதினாலு வருடத்துக்கு முன் வேலி அடைத்தபோது ஒரு அடி அவள் பக்கம் தள்ளி அடைத்ததைச் சொன்னார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்து, மாப்புக் கொடுத்து, வட்டிலப்பமும் கொடுத்தாள். விடிந்ததும் அலவாங்கால் மண்ணைக் குத்தும் சத்தம் கேட்டு முதலாளி ஓடினார். இரண்டு கூலிக்காரர்கள் வேலியைப் பிடுங்கி இவர் பக்கம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாப்புத் தந்தீங்களே!"

"உங்களுக்குத் தந்தன் தம்பி. நிலத்துக்கேன் மாப்பு? அது பாவம், என்ன செஞ்ச?"

"நான் எடுத்த ஒரு அடிதானே! இது ரெண்டடி!"

"மத்த அடி பதினாலு வருசத்துக்கு."

இப்படியாக முப்பத்தொரு வீடு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஊரில் பாதிப்பேர் எதையாவது அளந்துகொண்டிருந்தார்கள். போனாற் போகட்டும், டிக்கெட் சும்மாதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மைலை டிக்கெட்டாக மாற்ற அஸாமிடம் போனார் முதலாளி.

அஸாம் கணினியைத் தட்டினான். முகம் கறுத்தது. இன்னொரு தடவை தட்டினான்.

"நானா, சிமெந்து, கம்பி எல்லாம் கடைக்கு வாங்கினதா?"

"பின்ன? சாப்பிடவா வாங்கின?"

"வியாபாரத்துக்கு வாங்கினா மைல் சேராது நானா. பத்தாம் பக்கத்தில சின்ன எழுத்தில இரிக்கு. உங்களுக்குப் பதினோராயிரம்தான் இரிக்கு."

"மபாஸா காணும் எண்டாளே!"

"எனக்குத் தெரியா நானா."

முதலாளி கதிரையை முன்னே இழுத்தார். "பதினோராயிரத்துக்கு எங்க போகலாம்?"

"ஒராள் மாலைதீவுக்குப் போகலாம்" என்று அஸாம் தயங்கினான். "திரும்பி வரக் காணாது."

கடைக்குத் திரும்பியபோது பஸ்தியான் கருவாட்டோடு காத்திருந்தான். பயணம் இல்லை என்று கேட்டதும் கருவாட்டைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டான்.

"அப்ப மாப்பும் இல்ல முதலாளி. மக்கத்துக்குப் போற மனுசனுக்குத்தான் நான் குடுத்த. கடையில குந்திக்கொண்டிரிக்கிற ஆளெண்டா கயிற்றுக் காசத் தாங்க."

பின்னால் நின்ற படகுக்காரர் ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

வீட்டில் அஸீஸா முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். விசயத்தைச் சொன்னார். "அப்பிடியா" என்றுவிட்டு மற்ற முழங்காலுக்கு எண்ணெய் எடுத்தாள். கட்டிலில் உம்ராவுக்கென்று அவள் எடுத்த வெள்ளை உடுப்பு மடித்தபடி இருந்தது. அதைப் பார்க்க முதலாளிக்கு வெட்கமாக இருந்தது. ஆயுளில் முதன்முதலாக, காசு போவதைவிட வேறொன்று அதிகமாக வலித்தது. போய் அலுமாரியைத் திறந்தார். நோட்டுக் கட்டுகளை எடுத்துப் பத்திரிகைத் தாளில் சுற்றினார். மனம் மாற முன்னர் ஓடிப்போய்ப் புத்தளம் பஸ்ஸில் ஏறினார்.

ஏஜென்சிக்குள் நுழைந்ததும் பொதியை மபாஸாவின் மேசையில் போட்டார்.

"உன்ட வாய நம்பி ஊரெல்லாம் என்ட மானத்த அளந்து குடுத்திட்டு வந்திரிக்கன்! மைல் காணும் எண்டு எத வெச்சுச் சொன்ன? இந்தா, காசு. கைக்காசு! ரெண்டு டிக்கெட் போடு, இப்பயே போடு!"

மபாஸா பொதியைப் பிரிக்காமல் அவர் பக்கமே தள்ளிவைத்தாள். மேசை லாச்சியைத் திறந்து, இரண்டு பெயரும் எழுதிய நீளமான உறை ஒன்றை எடுத்தாள். முதலாளி கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"அப்பிடிச் சொல்லச் சொன்ன அஸீஸா ராத்தாதான் நானா. ரெண்டு டிக்கெட்டுக்கும் மாசா மாசம் சீட்டுப் போட்டுச் சேத்த அவட காச எப்பவோ கட்டிட்டாங்க, நீங்க எல்லார்ட்டயும் மாப்புக் கேட்டு முடிச்சாப் பொறகுதான் குடுக்கச் சொன்ன. இன்னும் வீட்டுக்குள்ள ஒராள் மிச்சமாம்."