முற்றுப்புள்ளி ஸ்டாக் இல்லை

எமர்ஜென்சி நாட்களில் எழுதுகிறவர்கள் எல்லாரும் தங்கள் பெயரை மறைக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், "என் பேரைக் கொஞ்சம் தடித்த எழுத்தில் போடுங்கள்" என்று அச்சுக்கோப்பவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். என் முட்டாள்தனத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் என்னிடம் இல்லை.

அந்த அச்சுக்கோப்பவர்தான் கேள்விக்குறி. செங்கல்பட்டு ரயில்வே கேட்டருகே எங்கள் வாரப் பத்திரிகை அச்சான கொட்டகையில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. வளைந்த முதுகு, ஒட்டிய வயிறு, காலடியில் உருண்டையாக ஒரு தண்ணீர்ச் சொம்பு. தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசல் அதுதான். இந்தியாவிலேயே அரசாங்கத்தை நிறுத்தற்குறியால் அடித்த ஒரே மனிதர் அவர் என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன்.

அப்போது ஒவ்வொரு பக்கமும் சென்சார் அதிகாரியின் சிவப்புப் பென்சிலுக்குத் தலைகாட்டிவிட்டுத்தான் மெஷினேற வேண்டும்.

"வார்த்தைக்குத்தான் நைனா சென்சாரு. புள்ளிக்கு எவன் கீறான்?" என்பார் கேள்விக்குறி.

அதிகாரி ஒப்புதல் தந்த தலைப்பு, 'கடலோரக் கிராமங்களில் மக்கள் மகிழ்ச்சி'. அச்சில் வந்தது, 'மக்கள் மகிழ்ச்சி?' உள்ளே, 'ரயில்கள் நேரத்துக்கு வருகின்றன?' அதிகாரி நேரில் வந்து குதித்தார்.

"முற்றுப்புள்ளி ஸ்டாக் இல்ல சார். கையில கீறத வச்சி கோத்தேன்."

அதிகாரி மெட்ராஸிலிருந்து ஒரு பொட்டலம் ஈய முற்றுப்புள்ளி தருவித்து, தானே கொண்டுவந்து கொடுத்தார். மறுவாரம் அமைச்சரின் பேச்சு, 'நாட்டில். பேச்சு. சுதந்திரம். இருக்கிறது.' என்று வந்தது. விக்கல்காரர் மைக்கைப் பிடித்த மாதிரி.

"நீங்க குட்தது வீணாவக் கூடாதுல்ல சார்?"

அந்தச் சமயத்தில்தான் மகாபலிபுரத்துக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். அவர் கண்ணை உறுத்தும் என்று பக்கத்துக் குப்பத்தின் குடிசைகளைப் பிரித்தெறிந்தார்கள். தடுத்த மீனவர்களைப் போலீஸ் அடித்து அள்ளிக்கொண்டு போனது. நான் எழுதினேன். சென்சார் பார்த்து முடித்த பக்கத்தில், ஆசிரியருக்கும் தெரியாமல், பல்பொடி விளம்பரத்தைத் தூக்கிவிட்டு அதைச் செருகச் சொன்னேன். கீழே என் பெயர். தடித்த எழுத்து.

"ஜெயிலுக்குப் போவணும்னா டவுன் பஸ்ஸே கீதே நைனா, கட்டுரை இன்னாத்துக்கு?" என்றார் கேள்விக்குறி. ஆனால் மறுக்கவில்லை.

இதழ் வந்தது. கட்டுரை இருந்தது. என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், தடித்த எழுத்தில், ஒரு '?'. கொதித்துப்போய்க் கொட்டகைக்கு ஓடினேன்.

"என் பேரு எங்க அண்ணாத்த?"

"பொத்திகினு ஒக்காரு."

நான் உட்காருவதற்குள் வாசலில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் இதழை விரித்தார்.

"எவன் எழுதினது?"

"அதான் கீழ பேரு கீதே சார். கேள்விக்குறி. நான்தான். கேட்டாண்ட டீக்கடையில வேணா கேட்டுப் பாருங்க."

"எழுதின காகிதம் எங்கே?"

"காகிதம் ஏது சார்? நேரா அச்சுலயே எய்திடுவேன்."

இன்ஸ்பெக்டரின் பார்வை என்மேல் விழுந்தது. "இவன் யாரு?"

"ப்ரூப் பாக்கறவன் சார். எய்தப் படிக்கத் தெரியாது."

எங்கள் பத்திரிகையின் பிழைகளை ஏற்கெனவே பார்த்திருந்த இன்ஸ்பெக்டர் அதை உடனே நம்பினார். உண்மையைச் சொல்ல நான் வாய் திறந்தேன். அதற்குள் என் கை பக்கத்திலிருந்த ப்ரூப் தாளை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டது. அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆசிரியருக்குத் தெரியாமல் நடந்த வேலை என்பதால் அச்சகம் தப்பியது.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். குப்பத்து ஆட்களையும் அதே வாரம் விட்டிருந்தார்கள். கேள்விக்குறியின் வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. இடது கையால் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணாத்த, அந்த அடி எனக்கு விழவேண்டியது..."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது கெடக்கட்டும். அடுத்த மேட்டரு எங்க?"