பொலிஸ் பட்டியலில் மூன்றாவது ஆள்

வெள்ளவத்தை,
18.11.1996, திங்கட்கிழமை.

அன்புள்ள மைத்துனர் யோகநாதனுக்கு அத்தான் சிவபாதசுந்தரம் எழுதிக்கொள்வது. இங்கே உமது அக்கா ஜெகதீஸ்வரியும் நானும் சுகம். லண்டனில் நீரும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று அக்கா தினமும் விளக்கேற்றும்போது பிள்ளையாரிடம் சொல்லிவிடுவதால் அதை நான் இரண்டாந்தரம் விசாரிக்கவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் வென்றுவிட்டேன். டாங்கி முடிந்துவிட்டது.

போன வருஷத் தீபாவளிக்குத் தொலைபேசி எடுத்து நீர் சொன்னது எனக்கு ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "அத்தான், நீங்கள் தொடங்கினதில முடிச்சது கலியாணம் ஒண்டுதான். அதுவும் ஐயர் பக்கத்தில நிண்டு முடிச்சுவைச்சதால." சுருக்கெழுத்து வகுப்பு, மொட்டைமாடிப் பாகற்பந்தல், அரைவாசியில் நிற்கும் புத்தக அலுமாரி என்று அக்கா உமக்குப் பட்டியல் கொடுத்திருக்கிறாள். பிறகு நீர்தான் பந்தயம் கட்டினீர். வருகிற கார்த்திகை மாத மாதிரி உருவக் கண்காட்சிக்குள் டாங்கியை முடித்து மேசையில் வைத்தால், லண்டனுக்கு வாருங்கள் என்று இனி வாயே திறக்கமாட்டேன் என்றீர். முடிக்காவிட்டால் அக்காவைக் கூட்டிக்கொண்டு நான் பிளேன் ஏறவேண்டும். எனக்கு இந்த ஊரை விட்டு வர விருப்பமில்லை. சண்டை நடக்கட்டும், குண்டு வெடிக்கட்டும், பின்னேரம் கடற்கரைத் தண்டவாளத்தோரம் ஒரு நடை நடந்து வந்தால் எனக்கு எல்லாம் சரியாகிவிடும். அதனால்தான் அறுபத்திரண்டு வயதில் இந்தப் பாடு பட்டேன்.

நான் கட்டியது உலகத்தின் முதல் போர் டாங்கி. பெயர் மார்க் வண். 1916ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊரில் பிறந்தது. நான் செய்தது அதில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது இருபது அங்குல நீளம். கடையில் வாங்கி ஒட்டுகிற பிளாஸ்டிக் சாமான் ஒன்றும் அல்ல. உடம்பு முழுக்கத் தேயிலைப் பெட்டிப் பலகை. சங்கிலித் தகடுகள் பிஸ்கட் தகரத்தில் வெட்டியவை, பக்கத்துக்குத் தொண்ணூறு. பீரங்கிக் குழாய் இரண்டும் போல்பொயின்ற் பேனா. மேலே குண்டு விழாமல் போடுகிற கம்பிவலைக்கு அக்காவின் தேத்தண்ணி வடி போனது. மூன்று நாள் அவள் எனக்குத் தேயிலைத் தூளோடு தேத்தண்ணி தந்தாள், நானும் மென்று குடித்தேன்.

ஆணித்தலைகளில்தான் பிரச்சினை வந்தது. டாங்கியின் உடம்பெல்லாம் ஆணித்தலை, மொத்தம் ஆயிரத்து எண்ணூறு. முப்பத்தைந்து வருஷம் படவரைஞனாக இருந்த மூளை வேலை செய்தது. கடுகை மாப்பசையில் தொட்டு ஒவ்வொன்றாக ஒட்டினேன். அந்தக் கிழமை விடாத மழை, யன்னலால் தூவானம். நான்காம் நாள் காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ, உங்கட டாங்கிக்குப் பயிர் முளைச்சிருக்கு." ஓடிப்போய்ப் பார்த்தால் இடது பக்கம் முழுக்கப் பச்சைப்பசேல். எனக்கு அழுகை வந்துவிட்டது, யோகநாதன், உண்மையாகத்தான் சொல்கிறேன். அக்கா சிரித்துச் சிரித்து நாற்காலியில் இருந்துவிட்டாள். பிறகு அவளே எழும்பிப்போய்த் தாச்சியை அடுப்பில் வைத்தாள். "வறுத்துப்போட்டு ஒட்டுங்கோ, முளைக்காது." முளைக்கவில்லை. ஆனால் அன்றையிலிருந்து டாங்கிக்கு ஒரு தாளித்த வாசம் உண்டு.

அடுத்தது நிறப்பூச்சு. டாங்கிக்குப் பச்சையும் மண்ணிறமும் திட்டுத் திட்டாக அடிக்கவேண்டும். இந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழன் கடைக்குப் போய் இராணுவச் சீருடையின் அந்த இரண்டு நிறத்தையும் சேர்த்துக் கேட்டால் என்ன நடக்கும் என்று உமக்குத் தெரியும். காலி வீதியில் வன்பொருள் கடை வைத்திருக்கும் மஜீட் நெடுநாள் பழக்கம் என்று நம்பிக் கேட்டேன். அவர் வீதியை இரண்டு பக்கமும் பார்த்தார். "சேர், பச்சைய இண்டைக்கி எடுங்க. மண்ணிறத்த வேற கடைல வேற கெழமைல எடுங்க. நான் ஒண்டும் கேக்கல்ல, நீங்களும் ஒண்டும் சொல்லவாணாம்" என்றார். செவ்வாய்க்கிழமை பச்சை, அடுத்த வெள்ளிக்கிழமை கொம்பனித்தெருவில் மண்ணிறம். யன்னலைச் சாத்திவிட்டு அடித்தேன். அக்காவுக்கு மணத்தில் தலையிடி, எனக்குப் பயத்தில்.

கண்காட்சி சனிக்கிழமை. வியாழக்கிழமை விடிய ஆறு மணிக்கு எங்கள் ஒழுங்கை முழுவதையும் வளைத்துச் சோதனை. உமது அக்கா செய்த வேலையைக் கேளும். டாங்கியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாமியறையில் வைத்து, தன் கூறைச்சேலையால் மூடி, மேலே செவ்வரத்தம்பூ மாலையும் போட்டுவிட்டாள். சிறில் என்ற சார்ஜன்ட் உள்ளே வந்தார். நல்ல மனிதர், எங்கள் பகுதிக்கு மூன்று வருஷமாக வருகிறவர். எங்கள் அடையாள அட்டையையும் பொலிஸில் பதிந்த வீட்டுப் பட்டியலையும் பார்த்தார், பட்டியலில் இருவர், வீட்டிலும் இருவர், சரி. சாமியறை வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கை கீழே இறங்கவில்லை. கூறைச்சேலைக்குள்ளிருந்து பீரங்கிக் குழாய் ஒன்று அவருடைய நெஞ்சுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது.

"மேக்க மொகக்த, மாத்தயா?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். நான் ஒரு மூச்சில் 1916, லிங்கன், தேயிலைப் பெட்டி, பந்தயம், உம்முடைய பெயர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து மணந்து பார்த்தார். "அப" என்றார். சிங்களத்தில் அது கடுகு. கடுகுதான் என்று அக்கா சமையலறையிலிருந்து போத்தலைக் கொண்டுவந்து சாட்சி வைத்தாள். சிறில் சிரித்துவிட்டார். ஆனால் எழுதாமல் விட முடியாது என்றார். வீட்டில் இப்படியொன்று இருப்பதை அடுத்ததாக வருகிறவன் கண்டால் மூன்று பிரதி அறிக்கை, டாங்கியும் போகும், நானும் போவேன். "லிஸ்ட்ல இல்லாத சாமான் இருந்தாத்தான் பிரச்சினை, ஐயா. லிஸ்ட்ல இருந்தா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க" என்று எங்கள் வீட்டுப் பட்டியலையே விரித்தார். அவர் கையில் இருந்த படிவம் அது ஒன்றுதான்.

பெயர்: மார்க் வண். வயது: எண்பது. பிறந்த இடம்: லிங்கன், இங்கிலாந்து. கொழும்புக்கு வந்த காரணம்: கண்காட்சி. தங்கும் காலம்: இம்மாதம் முப்பது வரை. ஆணா பெண்ணா என்ற இடத்தில் பேனா நின்றது. பொய் சொல்லத் தெரியாத நான், ஆண் என்றேன். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பட்டாளம் பீரங்கி வைத்த டாங்கியை ஆண் என்றும் இயந்திரத் துப்பாக்கி மட்டும் வைத்ததைப் பெண் என்றும்தான் கணக்கில் வைத்தது. சிறில் மறுபேச்சில்லாமல் ஆண் என்று எழுதி முத்திரை குத்தி, பிரதி ஒன்றும் தந்தார்.

சனிக்கிழமை அந்தப் பிரதியோடும் அக்காவோடும், டாங்கியை மடியில் வைத்துக்கொண்டு, முச்சக்கர வண்டியில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வழியில் நான்கு சோதனைச் சாவடி. என் அடையாள அட்டையை நான்கு இடத்திலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மார்க்கின் கடதாசியை ஒருதரம் பார்த்துவிட்டு வழி விட்டார்கள். காவலில் நின்ற ஒரு பெடியன் அதற்கு சலூட் கூட அடித்தான். இந்த ஊரில் பதினெட்டு வருஷம் இருந்தும் எனக்குக் கிடைக்காத மரியாதை.

தேவாலய மண்டபத்தில் கண்காட்சியை நடத்துகிற பற்றிக், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கப்பல் மட்டுமே கட்டுகிறவர். டாங்கியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். "சுந்தரம், இது முழுசா முடிஞ்சிருக்கா?" என்று கேட்டார். "ஓம், முடிஞ்சுது" என்றேன். இந்த வசனத்தை என் வாழ்க்கையில் நான் முதல்தரமாகச் சொன்னேன், யோகநாதன். என் குரல் எனக்கே வித்தியாசமாகக் கேட்டது. ஏழு கப்பல், மூன்று விமானம், ஒரு டாங்கி. முதற்பரிசு டாங்கிக்கு. மாத முடிவு வரை அது அந்த மேசையில்தான் இருக்கும். அக்கா மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கக் கைதட்டினாள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி தந்தாள், புதிய வடியில் வடித்து.

ஆகவே பந்தயப்படி நடந்துகொள்ளும். லண்டன் கதை இன்றோடு முடிந்தது. ஸ்பொன்ஸர் கடிதம், விசாப் படிவம் என்று இனி ஒன்றும் அனுப்பவேண்டாம். டாங்கியைத் தபாலில் அனுப்பச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம், கண்காட்சி முடிந்து வந்தபின் அது இந்த வீட்டு வாசலைத் தாண்டாது. பார்க்க ஆசையென்றால் நீர் வாரும். பிள்ளைகள் நன்றாகப் படித்து, தொடங்கியதையெல்லாம் முடிக்கிறவர்களாக வரவேண்டும் என்று, இப்போது அதைச் சொல்லும் தகுதியோடு, ஆசீர்வதிக்கிறேன்.

வென்ற அத்தான்,
சிவபாதசுந்தரம்.

பி.கு.: செவ்வாய்க்கிழமை காலை. கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கதவு தட்டினார்கள். சிறிலுக்கு மாற்றமாம். புதிய சார்ஜன்ட் பட்டியலை எடுத்து எண்ணினார். பட்டியலில் மூவர், வீட்டில் இருவர். "மூணாவது ஆள் எங்க? எண்பது வயசு, ஆம்பிளை" என்றார். கொட்டாஞ்சேனை மண்டபத்தில் மேசைமேல் என்றேன். அங்கே பொலிஸில் பதிந்தாரா என்று கேட்டார். அவர் ஒழுங்கையை முடித்துத் திரும்புவதற்குள் முச்சக்கர வண்டியில் ஓடிப்போய், மார்க்கையும் கூடவே பற்றிக்கையும் ஏற்றிக்கொண்டுவந்து காட்டினேன். பார்த்தார், சிரிக்கவில்லை. பதிந்தவரைப் பட்டியலிலிருந்து வெட்ட இரண்டே வழிதானாம். ஒன்று மரணச் சான்றிதழ், மற்றது நாட்டை விட்டுப் போனதற்கான சீட்டு. தவணை முப்பதாம் திகதி. உடைத்துப்போட்டால் தொல்லை விட்டது என்றார் பற்றிக். அதைக் கேட்டு அக்கா டாங்கியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். மேலே எழுதாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கதவு தட்டுப்படும்போதெல்லாம் அவள் எங்கள் அடையாள அட்டைகளை எடுத்துக்கொண்டு சாமியறைக்குள் போய்விடுகிறாள். நானும் பின்னாலேயே போகிறேன். ஆகையால் மார்க்கை உம்மிடம் அனுப்பத் தீர்மானித்துவிட்டோம். அவன் பிறந்த நாடு அது, அவனுக்கு விசா தேவையில்லை. ஆனால் எண்பது வயது ஆளைத் தனியே பிளேன் ஏற்ற அக்கா சம்மதிக்கமாட்டாள். எனவே அவனைக் கூட்டிவருகிறவர்கள் என்று எங்கள் இருவருடைய பெயரையும் போட்டு, ஸ்பொன்ஸர் கடிதத்தை உடனே அனுப்பிவையும்.