மறக்காமக் கூட்டிடுங்க

"அண்ணே, இது குடிக்கவா, குளிக்கவா?"

பக்கத்துக் கடைத் தையல்காரர் சோடா பாட்டிலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மேஜைமேல் திருப்பி வைத்தார். மாப்பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது. அவசரமாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

பார்க்காமல் என்ன செய்வார்? கடை மாமனாருடையது. அவர் வெளியூர் போயிருக்கும் ஒரு வாரமும் கடையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் சாவிக்கொத்து மாப்பிள்ளைக்கு. சொதப்பினால் மச்சினனுக்கு. இன்று சாயந்திரம் மாமனார் திரும்புகிறார். இதற்கு முன் சேர்ந்த வேலையிலெல்லாம் சீட்டுக் கிழிந்து வந்தவர் மாப்பிள்ளை. இதுவும் போனால் வீட்டுக்குள் தலை காட்ட முடியாது. "ஏங்க, உங்களுக்காக அப்பாகிட்ட எவ்வளவு மல்லுக்கு நின்னேன் தெரியுமா? என் மானத்தை வாங்கிடாதீங்க" என்று மனைவி காலையில்கூடச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இத்தனைக்கும் மாமனார் சொன்னதை அவர் தட்டவே இல்லை. நகரத் தொடங்கிய பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அவர் கத்தியது இன்னும் காதில் இருந்தது. "மாப்ள, கூலர் பத்திரம்! தினம் காலையில அங்க மறக்காமக் கூட்டிடுங்க!"

மாப்பிள்ளை மறக்கவில்லை. தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தக் குளிர்பானக் கூலர் முன்னால் குனிந்து கூட்டினார். குளிர்ச்சி குறைகிற மாதிரி தெரிந்ததும் மதியமும் கூட்டினார். நேற்று சந்தேகத்துக்குச் சாயந்திரமும் கூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். மனுஷன் இதற்கு மேல் என்னதான் செய்வான்?

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"கூலர் பக்கம் கூட்டுறீங்களா சார்? தூசி அடைஞ்சா இப்படித்தான் ஆகும்."

"என்னப்பா இப்படிக் கேட்டுட்ட? ஒரு நாள் தவறாமக் கூட்டுறேன்!"

"அப்ப தூசி இல்ல. சுவத்தை ஒட்டி நிக்குதோ என்னவோ. கொஞ்சம் முன்னால இழுத்து வைங்க. சாயந்திரம் வந்து பாக்குறேன்."

மாப்பிள்ளை கட்டிப் பிடித்து இழுத்தார். கூலர் வந்ததோ இல்லையோ, தும்மல் வந்தது. அடுக்கடுக்காகத் தும்மியதில் கூலர் ஆடி, உள்ளே பாட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. என்ன ஆச்சு என்று கதவைத் திறந்தார். ஆரஞ்சு ஜூஸ் அவருடைய கால்மேலேயே விழுந்து உடைந்தது.

"உள்ள ஐஸ் அடைச்சிருக்கும் அண்ணே," என்றார் தையல்காரர். "கொஞ்ச நேரம் ஸ்விட்சை அணைச்சுப் போடுங்க, சரியாயிடும்."

அணைத்தார். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று தையல்காரர் சொல்லவில்லை. சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்வார். மதியம் மாப்பிள்ளை கதவைத் திறந்தபோது முகத்தில் அனல் அடித்தது.

பதறிப்போய் ஸ்விட்சைத் திரும்பப் போட்டு, ஐஸ் கட்டிகளை வாங்கி வந்து தட்டுத் தட்டாக அடுக்கினார். ஐஸ் கட்டிகள் கரைந்தன. பாட்டில்களின் லேபிள்கள் ஊறி உரிந்தன. தண்ணீர் வழிந்து, தரையில் கிடந்த மிட்டாய்த் தாள்களும் மண்ணும் சேர்ந்து சேறாயின. ஒரு அம்மா லெமன் கேட்டார். மாப்பிள்ளை குத்துமதிப்பாக ஒன்றைக் கொடுத்தார். அது இஞ்சி. அடுத்து வந்தவர் இஞ்சி கேட்டார். அவருக்கு லெமன் கிடைத்தது. இரண்டு பேரும் வாசலில் நின்று பாட்டிலை மாற்றிக்கொண்டு, கடையைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

போன் அடித்தது. மனைவி. "அப்பா பஸ்ஸை விட்டு இறங்கிட்டாராம். எல்லாம் நல்லபடியா இருக்குல்ல?"

"ம்" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமனாரும் மெக்கானிக்கும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். மாமனார் சேற்றில் ஒரு காலை வைத்து, அப்படியே நின்றார்.

"என்ன மாப்ள இது கோலம்?"

"மிஷின் கோளாறு மாமா! நீங்க சொன்னதை நான் மீறவே இல்ல. தினமும் கூட்டினேன். நேத்து மூணு வேளையும் கூட்டினேன். வேணும்னா இவரைக் கேளுங்க!"

"ஆமாங்க," என்றார் தையல்காரர். "நான் எட்டிப் பாக்குறப்பல்லாம் கூலர்கிட்ட குனிஞ்சுதான் நின்னாரு. பாவம்."

மாமனார் முகம் இளகியது. "மிஷின்னா கோளாறு வரத்தான் செய்யும். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? சொன்ன வேலையைச் செஞ்சீங்கள்ல, அது போதும் எனக்கு." பையில் கையை விட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். மாப்பிள்ளைக்கு உயிர் திரும்பி வந்தது. கையை நீட்டினார்.

அதற்குள் மெக்கானிக் கூலர் முன்னால் உட்கார்ந்து, அடிப்பக்க மூடியைத் திறந்திருந்தான்.

"சார், இது இருபத்தஞ்சு டிகிரியில நிக்குது! நாலுல வச்சாத்தானே ஜில்லுனு இருக்கும். யாரு இப்படிக் கூட்டினது?"

"நான்தான்!" என்றார் மாப்பிள்ளை, நெஞ்சை நிமிர்த்தி. "ஃபேன்ல நம்பரைக் கூட்டினா காத்து கூடுதுல்ல, அது மாதிரிதான். மாமாதான் சொன்னாரே, மறக்காமக் கூட்டிடுங்கன்னு."

சாவிக்கொத்து பாதி வழியில் நின்றது. பிறகு மெல்லப் பைக்குள்ளேயே போயிற்று. மாப்பிள்ளையின் கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

மெக்கானிக் எழுந்து, கூலருக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவி, ஒட்டடை படிந்த துடைப்பத்தை வெளியே இழுத்தான். அதை அந்தக் கையில் வைத்தான்.

"பிடிங்க சார். அவரு கூட்டச் சொன்னது இதால."